காலை ஐந்து துரைக்கு

தென்காசி,
ஜூலை 14.

மதிப்பிற்குரிய அண்ணன் சுடலைமணி அவர்களுக்கு, தங்கை காளீஸ்வரி எழுதுவது.

நான் நலம். ஆலங்குளத்தில் நீங்களும் மதினியும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். போனை எடுக்காதவர்களைப் பற்றி வேறு எப்படியும் வைத்துக்கொள்ள முடியவில்லை. வாட்ஸப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால்.

வணிகர் சங்கத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது உங்கள் பெயரை நான் நாறடித்துவிட்டதாக நீங்கள் வருத்தப்படுவதை மதினி ஆள்மூலம் சொல்லியனுப்பினார். பெயர் நாறியது உண்மைதான். எப்படி நாறியது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் நாவலை எந்தப் பதிப்பகமும் கேட்கவில்லை என்பதால் நானே வெளியிட முடிவு செய்து, அச்சுக்குப் போகுமுன் மரியாதைக்காக உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் படிக்கவில்லை, மதினி படித்து, ஏழாம் அத்தியாயத்தை உங்களுக்குச் சத்தமாக வாசித்திருக்கிறார். அதில் நாயகிக்கு மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகக் கடிதம் வருகிறது. அவளை வெளியூர் அனுப்ப மனமில்லாத அண்ணன் மணி அதை உர மூட்டைக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். தேதி போய்விடுகிறது. அவள் உள்ளூர்ப் பள்ளியிலேயே டீச்சராகிறாள். ஐந்தாவது நிமிடம் உங்கள் போன். "ஏட்டி காளி, கதைக்கு வைக்க ஊர்ல வேற பேரே இல்லையா? மணின்னா யாருன்னு ஆலங்குளத்துல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். பேர மாத்துதியா, இல்ல அண்ணன் தங்கச்சிங்கிறத இத்தோட விட்டுருவமா?" தென்காசி பஸ் ஸ்டாண்டில் மணி என்று கூப்பிட்டால் ஆறு பேர் திரும்புவார்கள், அது வாய்க்கு வந்த பெயர் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. துரை என்று மாற்ற ஒப்புக்கொண்டேன்.

இந்த வேலையில் எனக்கு வழிகாட்டி உங்கள் ஊர் நாறும்பூநாதன் அண்ணாச்சி. தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்ற பிறகு பன்னிரண்டு துப்பறியும் நாவல்களைச் சொந்தமாக வெளியிட்டவர். "ஒண்ணொண்ணாத் தேடிக்கிட்டு இருக்காதிய டீச்சர். மணின்னு இருக்க இடத்துல எல்லாம் துரைன்னு போடுன்னு ஒரே அமுக்கு. மிச்சத்த கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்" என்றார். அமுக்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றியதாகத் திரையில் வந்தது. கதையில் மணி தலைகாட்டுவதே முப்பது பக்கம்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏழு முறை திருத்திய பிரதி என்ற கர்வத்தில் எட்டாவது முறை பார்க்காமல் ஐம்பது பிரதி அச்சிட்டுவிட்டேன்.

போன ஞாயிறு குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொந்தமாகப் புத்தகம் போடுபவர்களின் சந்திப்பு. எழுத்தாளர்கள் பதினோரு பேர் வந்தோம். பதிப்பாளர் ஏன் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் விளக்கினோம். எந்தப் பதிப்பாளரும் தங்களைக் கேட்டதில்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர் புத்தகத்துக்கு ஒருவர் இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போடுவது என்று ஒருமனதாகத் தீர்மானமானது. நடுவில் யாரோ ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்றதும் நான்கு எழுத்தாளர்கள் துண்டோடு போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் முன்னால் என்னை முதல் அத்தியாயம் வாசிக்கச் சொன்னார்கள். "காலை ஐந்து துரைக்குக் கோயில் துரை அடித்தது. பெண்துரைகள் வாசல் தெளித்தார்கள். ரதுரை டீச்சர் துரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்." பழக்க தோஷத்தில் நான் நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தேன். துரைமுத்தாறு அணை நிரம்பிய இடத்தில்தான் என் காதில் விழுந்தது. பேய்க்கதை எழுதும் அனுசியா, மொழியை உடைத்துப் பார்க்கும் முயற்சி என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அரங்கில் வாசகர் என்று இருந்தவர் ஹைருன் பீவி ஒருவர்தான். நூலகத்தில் வேலை பார்த்தவர். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, "டீச்சர், மணி இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் துரை இருக்காரே. அப்ப ஏழாவது அத்தியாயத்துல லெட்டர ஒளிக்கிற துரைக்கும் மொதல்ல மணின்னுதான பேரு?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முன்பக்கத்தைத் திருப்பி உரக்க வாசித்தார்: "என் அன்பு அண்ணன் சுடலைதுரைக்கு இந்நூல் சமர்ப்பணம்." கூட இருந்த துப்பறியும் நாவலாசிரியர் அண்ணாச்சி அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் துப்பறிந்தார். "அட, நம்ம சுடலைமணி! ஆலங்குளத்துல சைக்கிள் கடை வச்சிருக்கவருல்லா! சங்கத் தேர்தல்ல நிக்காரே!" என்றார். சாயங்காலத்துக்குள் செய்தி உங்கள் கடைக்கு வந்திருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் நீங்கள் ஆறு மணிகளில் ஒரு மணியாக நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

ஆகவே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது பிரதிகள் வெளியே போய்விட்டன. அவற்றை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குகிறேன். மிச்சம் முப்பத்தொன்றையும் எடைக்குப் போட்டுவிடுகிறேன். கதை முழுவதும் கற்பனை என்று உங்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கவும் தயார். தேர்தலில் எல்லாச் சாமியும் உங்கள் பக்கம் நிற்கட்டும். மதினிக்கு என் அன்பு. தங்கையைப் பொறுத்துக்கொண்டதாக ஒரு வரி எழுதினால் போதும்.

வணக்கத்துடன்,
காளீஸ்வரி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போதுதான் நினைவு வந்தது. அன்று போனை வைக்குமுன் நீங்கள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள்: "அந்த லெட்டர் விசயத்த உனக்கு யாருட்டி சொன்னா? அம்மையா?" யாரும் சொல்லவில்லை அண்ணே. 1999-ல் எம்.ஃபில். முடித்துவிட்டு மதுரைக் கல்லூரிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தேன். அவர்கள் என்னைக் கூப்பிடவே இல்லை என்றுதான் உங்கள் போன் வரும்வரை நினைத்திருந்தேன். ஏழாம் அத்தியாயம் நானாகக் கட்டியது. ஆகவே மேலே மன்னிப்புக் கேட்ட இடங்களை அடித்துவிட்டுப் படிக்கவும். புத்தகத்தை எடைக்குப் போடவில்லை. இரண்டாம் பதிப்பு போடுகிறேன், எல்லா மணியும் மணியாகவே இருக்கும். உர மூட்டை மட்டும் என் ஊகம். எங்கே வைத்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், திருத்திவிடலாம்.