தட்டினால் விழும் ஈக்கள்

“மாமா, மேசை மேல ஒரு குப்பி இருந்துச்சே?”

மாமனார் பெருமையாகச் சிரித்தார். “அதுவா? உள்ள ஏதோ கஞ்சில ஈ மொய்ச்சுக் கிடந்துச்சும்மா. விரட்டிட்டுக் கழுவி வெச்சுட்டேன்.”

மருமகளுக்குத் தலை சுற்றியது. ஆய்வுக்கூடத்தில் ஏசி பழுதாகிவிட, சூட்டில் செத்துவிடக் கூடாதே என்று அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பழ ஈக்கள். கண்ட ஈக்களா அவை! ஒரேயொரு மரபணு பிசகியதால், ஓங்கித் தட்டினாலே நரம்புகள் தாறுமாறாகி வலிப்பு வந்து விழுபவை. சற்று நேரத்தில் தாமே எழுந்து பறந்துவிடும். ஏன் விழுகின்றன, எப்படி எழுகின்றன என்று அறியத்தான் தலைமுறை தலைமுறையாக அவற்றை வளர்த்து வந்தாள்.

“ஜன்னல மூடுங்க! ஃபேன நிறுத்துங்க!”

மூடினார்கள். வீடு அடுப்பாகக் கொதித்தது.

“கனிஞ்ச வாழைப்பழம் வெச்சா வந்துடும்ல?” உதவுகிறேன் பேர்வழி என்று கணவன் பழத்தைப் பிசைந்து மேசையில் வைத்தான்.

வந்தன. கூடவே, குப்பைத் தொட்டியில் நிரந்தரமாகக் குடியிருந்த ஈக்களும் வந்தன.

“இதுல உன்னோடது எது?”

“விழறதெல்லாம் என்னோடது” என்றவள், சுத்தியலால் மேசையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

சில ஈக்கள் மல்லாந்து காலை உதறின. தூரிகையால் அவற்றை அள்ளுவதற்குள் பாதி எழுந்து பறந்தன. மறுபடியும் ஒரு போடு. செய்த தப்புக்குப் பரிகாரமாக மாமனாரும் தரையில் தொம்தொம்மென்று குதித்தார்.

கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு அம்மாள்! மாடியில் ஸ்பூன் விழுந்தாலே சண்டைக்கு வருபவர். கணவன் நைசாகக் குளியலறைக்குள் நழுவினான்.

“என்னங்க நடக்குது இங்க?”

மாமனார் பதறிப்போய் உளறிக் கொட்டினார். “ஒண்ணுமில்லம்மா, ஈக்கு வலிப்பு வருது. அது எதனாலன்னு என் மருமக ஆராய்ச்சி பண்றா.”

போச்சு, இன்றைக்கு மானம் கப்பலேறியது என்று மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அந்த அம்மாள் மேசைமேல் குனிந்திருந்தார். மல்லாந்து துடித்த ஓர் ஈ மெல்லப் புரண்டு, தள்ளாடி எழுந்து, பறந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்கம்மா, இனிமே தட்ட மாட்டேன்” என்றாள் மருமகள்.

“என் பொண்ணும் இப்படித்தாம்மா விழுந்து எந்திரிக்கிறா, அதுக்கப்புறம் அசந்து தூங்குவா, அதனாலதான் சத்தம் கேட்டா ஓடி வருவேன். இன்னைக்கு நானே அவள எழுப்பிக் கூட்டிட்டு வர்றேன், அவளும் பாக்கட்டும், நீங்க தட்டுங்க.”