எல்லாம் மேல ஏத்தியாச்சு

ஆனைமுடிதான் தென்னாட்டிலேயே உயரமான இடம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. எட்டாயிரத்துச் சொச்சம் அடியாம். பாவம், புத்தகம் எழுதியவர்களுக்குப் பெரியமுத்துவைத் தெரியாது. அவர் தன் ஃபோனில் இருந்ததையெல்லாம் ஏற்றி வைத்திருக்கும் இடம் ஆனைமுடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே மழை கிடையாது, அட்டை கிடையாது, எலி கிடையாது, கரையான் கிடையாது. நாளைக்கே அரபிக்கடல் பொங்கி மூணாறு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, மனிதர், மாடு, மேனேஜர் எல்லாரும் முழுகிப்போனாலும், பெரியமுத்துவின் மூத்த மகனுக்கு மொட்டையடித்துக் காது குத்திய படம் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அந்தரத்தில் பத்திரமாக இருக்கும். சொன்னது யார்? அவரேதான்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு தனி இனம். கிளவுட் என்று ஒன்று வந்த நாளிலிருந்து காளான் மாதிரி முளைத்திருக்கிறார்கள். இன்னும் யாரும் இவர்களுக்குப் பெயர் வைக்காததால், ‘மேல ஏத்தியாச்சு’ இனம் என்று நாமே வைத்துக்கொள்வோம். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு படத்தையோ பாட்டையோ காட்டச் சொல்லுங்கள். ஃபோனைத் தொடுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்துப் போகும். “மருமகன் படம் இருக்கா?” என்று கேட்ட ஒரு கட்டப்பனைக்காரர், பெரியமுத்துவின் விரல் மேலே போனதைப் பார்த்து, “அடடா, எப்ப தவறினாரு?” என்று துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கதையும் உண்டு.

பெரியமுத்துவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. அது வயிற்றுக்கு. மனசுக்கு, ஃபோன் வைத்தியம். எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் லயத்து வீடுகளில் எந்த ஃபோன் முனகினாலும் அது முதலில் வந்து சேருவது அவர் வீட்டு வாசலுக்குத்தான். ஜீப் ஓட்டும் சதீஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

“மாமா, டூரிஸ்டுக்குப் போடுத பாட்டு ஒண்ணும் தொறக்க மாட்டேங்கு. வட்டமா சுத்திக்கிட்டே கெடக்கு.”

“எப்ப இருந்து?”

“நேத்து சாயங்காலம் இருந்து.”

“ராத்திரி சார்ஜுல போட்டியா?”

“போட்டேன் மாமா.”

“போட்டிருக்கப்படாது.”

ஏன் போட்டிருக்கக் கூடாது? கேட்கக் கூடாது. டாக்டரிடம் அப்படியெல்லாம் கேட்பீர்களா? பெரியமுத்து ஃபோனை வாங்கிக் கனம் பார்த்தார். விமானப் படத்தை அமுக்கி அணைத்தார், மறுபடி அமுக்கினார். ஃபோனையே அணைத்துவிட்டு, அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். சிம் கார்டைக் கழற்றி, ஊதி, கைலியில் தேய்த்து, வெளிச்சத்தில் நோட்டம் விட்டு, திரும்பச் செருகினார். ஃபோன் சேர்த்து வைத்த குப்பையைத் துடைக்கிற கேஷ் கிளியர் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் அந்த இனத்தின் மகா வாக்கியம் வெளியே வந்தது.

“கொழப்பமில்லடா. நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அங்கிட்டு சர்வர்லதான் என்னவோ.”

“அந்த சர்வர் எங்க மாமா இருக்கு?”

விரல் மேலே போனது.

நீங்கள் கேட்கலாம்: எங்கள் பக்கத்தில் ரேஞ்சு என்று சொல்கிற சிக்னலே கீழ் டிவிஷனில் கிடையாதே, ரோட்டு மேலே கிராண்டிஸ் என்கிற தைல மர வளைவில் போய் நின்றால்தானே இரண்டு கோடு வரும், அப்படியிருக்க மேலே ஏற்றியதைக் கீழே இருந்து எப்படிப் பார்ப்பது? கேட்டீர்கள் பாருங்கள், அதற்குத்தான் ஆஃப்லைன் என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் மேலே உள்ளது நம் ஃபோனுக்குள்ளும் ஒரு நகல் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ரேஞ்சு வேண்டாம், வளைவு வேண்டாம். அமுக்கினதற்கு அடையாளமாகப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் விழும். அந்த டிக் விழுந்துவிட்டால் பெரியமுத்துவுக்குக் கோயிலில் அர்ச்சனை முடிந்த மாதிரி. நகல் நிஜமாகவே இறங்கியதா என்று எட்டிப் பார்ப்பது? சாமியை நம்பாதவன் செய்கிற வேலை அது.

இதெல்லாம் மொட்டைப் படத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் சேதமில்லை. இந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது.

முத்துப்பேச்சி பெரியமுத்துவின் அண்ணன் மனைவி. பகலெல்லாம் கொழுந்து கிள்ளுவாள். சாயங்காலம் கீழ் டிவிஷன் பெண்களைச் சேர்த்துக் கும்மி பழக்குவாள். போன வருஷம் இவர்கள் வாயால் பாடிக்கொண்டே ஆடினார்கள். மேல் டிவிஷன் பெண்களோ மேளத்தோடு பாட்டைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் அலறவிட்டு ஆடினார்கள். அந்த ஸ்பீக்கரைக் கேட்ட காதுக்குக் கீழ் டிவிஷன் பாட்டு ஏறவே இல்லை. எதிரே நின்ற பூசாரியே, “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?” என்று பாதியில் கேட்டார். மேல் டிவிஷன் செல்வலட்சுமி வந்து முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அருமையா வாயசைச்சிய மதினி. மௌன விரதமா?” என்றாள். அந்த வார்த்தை வருஷம் முழுக்க முத்துப்பேச்சியின் தொண்டையில் நின்றது. அதை விழுங்க ஒரே வழிதான். இந்த வருஷம் அதே களத்தில், அதே செல்வலட்சுமியின் காது கிழிய, தன் பாட்டு கேட்க வேண்டும்.

பாட்டை அவளே கட்டினாள். கம்பத்திலிருந்து உறவு பார்க்க வந்த சுருளிவேல் ஒரு நாள் உறுமி அடித்துக் கொடுத்துவிட்டு மலை இறங்கிப் போனார். பதிவு செய்தது யார்? வேறு யார்.

“கொழுந்தனாரே, பாட்டு பத்திரமா இருக்கா?”

“மேல ஏத்தியாச்சு மதினி.”

“ஏத்துனது சரி. எறங்குமா?”

“என்ன மதினி இப்படிக் கேட்டுட்டிய! ஆஃப்லைன் போட்டிருக்கேன். காட்டுக்குள்ள நின்னு அமுக்குனாலும் பாடும்.”

பழக்கம் நடந்த நாளெல்லாம் பாடத்தான் செய்தது. பதிவு செய்த மூலப்பாட்டு ஃபோனுக்குள்ளேயே இருந்ததால் பாடியது. அது பெரியமுத்துவுக்குத் தெரியாது. ஆஃப்லைன்தான் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டார். திருவிழா நெருங்கியதும், ஃபோன் மூச்சுத் திணறுகிறதே, அதான் மேலே ஒன்று இருக்கிறதே என்று மூலத்தை அழித்தார். திருவிழா அன்று காலை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டவருக்கு, கோயில் காரியத்துக்குப் போகிற ஃபோனும் சுத்தபத்தமாக இருக்கட்டுமே என்று தோன்றியது. கேஷ் கிளியர், டேட்டா கிளியர், இருக்கிற கிளியரெல்லாம் அமுக்கி அதைக் குளிப்பாட்டினார். ஆஃப்லைனுக்கு விழுந்திருந்த பழைய டிக்கும் அந்தத் தண்ணீரோடு போயிற்று. பிறகு வளைவுக்குப் போய்ப் பாஸ்வேர்டு போட்டு, பாட்டின் பெயர் தெரிவதைப் பார்த்து, ஆஃப்லைன் பொத்தானை அமுக்கி, டிக் விழுந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அந்த டிக்குக்குக் கீழே எறும்பு ஊர்வது போல இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. வைஃபை கிடைக்கும் வரை காத்திருக்கிறேன் என்று அர்த்தம். நெட் காசு மிச்சம் பிடிக்க, வைஃபையில் மட்டும் இறக்கு என்று என்றைக்கோ அவரே அமைத்து வைத்தது. எங்கள் எஸ்டேட்டில் வைஃபை உள்ள இடம் மேனேஜர் பங்களா ஒன்றுதான். அதற்குள் பெரியமுத்து ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், குளியலறையில் பாம்பு புகுந்தபோது.

மதியம் பொங்கல் இறக்கியதும் கும்மிக்குக் கூப்பிட்டார்கள். கோயில் இருப்பது பள்ளத்தில், ஓடைக்கரையில். மைக்செட்டுக்காரன் ஜிபி ஒயரை ஃபோனில் செருகிவிட்டு, “பெரியமுத்து சேட்டா, பாட்டு இடட்டே?” என்று மலையாளத்தில் கேட்டான்.

“இடு இடு.”

பச்சைச் சேலை கட்டிய பெண்கள் வட்டமாக நின்றார்கள். முதல் கொட்டுக்காக முத்துப்பேச்சி கையை உயர்த்தினாள். ஸ்பீக்கர் ‘உஸ்’ என்றது. அவ்வளவுதான். ஃபோனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பெரியமுத்து விமானத்தை அமுக்கினார், அணைத்தார். சிம்மை ஊதினார். கூட்டம் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்து அமைதியாகப் பார்த்தது. ஃபோனைக் கிழக்கே நீட்டினார், மேற்கே நீட்டினார், பலிபீடத்தின் மேல் ஏறி நின்று நீட்டினார். பூசாரி கீழே இறக்கிவிட்டார்.

“மாமா, ஜீப்ப எடுக்கேன், வளைவுக்குப் போயி எறக்கிட்டு வந்திருவோம்,” என்று சாவியோடு ஓடினான் சதீஷ். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“வளைவுல ஆனை நிக்கி மாமா.”

அந்த நேரத்தில் கீழ் டிவிஷன் எல்லையில் நல்ல ரேஞ்சில் இருந்தது அந்த ஆனை மட்டும்தான்.

கூட்டத்தில் செருமல் கேட்டது. பிறகு சிரிப்பு. முன்வரிசையிலிருந்து செல்வலட்சுமி, “என்ன மதினி, இந்த வருசமுமா விரதம்?” என்றாள். முத்துப்பேச்சி உயர்த்திய கையைக் கீழே போட்டால் எல்லாம் முடிந்துபோகும் என்பது போல உயர்த்தியபடியே நின்றாள். வளையல் முழங்கை வரை சரிந்து கிடந்தது. கொழுந்தனைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சர்வர் சைடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது பெரியமுத்துவுக்கு. விரல்கூடப் பாதி எழுந்தது. மதினியின் அந்தக் கையைப் பார்த்ததும் மடங்கிவிட்டது. ஃபோனை இடுப்பில் செருகினார். ஜிபியிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“கொழுந்து கிள்ளி வந்த கையி கும்மி கொட்டுதடி,
குளிருக்குள்ள வெரைச்ச காலு கூத்துக் கட்டுதடி!”

அந்தக் குரலைப் பற்றி என்ன சொல்ல? தகரத்தை இழுத்துக்கொண்டு ஓடும் நாய்க்குட்டி போலிருந்தது. ஆனால் வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. எப்படிப் பிசகும்? பழக்க நாளெல்லாம் போட்டுக் கொடுத்தது அவர்தானே. பெண் குரல் அவரே, உறுமியும் அவரே, “டிர்ரும் டிர்ரும்” என்று கன்னத்தை உப்பி. பதிவு செய்தபோது இரண்டாவது சரணத்தில் முத்துப்பேச்சி இருமியிருந்தாள். அந்த இடம் வந்ததும் பெரியமுத்து நின்று, மைக்கில் மரியாதையாக இருமிவிட்டு, அப்புறம்தான் மேலே பாடினார். அதில்தான் பெண்களுக்குக் கால் சரியாகப் பிடித்தது. அந்த இருமலுக்கும் சேர்த்துத்தானே அடி வைத்துப் பழகியிருந்தார்கள். வட்டம் சுழன்றது. சிரித்துக்கொண்டே ஆடினார்கள், ஆடிக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். சிரிப்பை மறைக்க வாயில் கை வைத்த செல்வலட்சுமி, கொஞ்ச நேரத்தில் அந்தக் கையை எடுத்துத் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டாள். ஓடைக்கு அப்பால் டீக்கடை வரைக்கும் கேட்டதாம்.

ஆள் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. முடிந்ததும் மைக்கை ஜிபி கையில் கொடுத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“பாத்தியளா மதினி? ஒரு கோடு ரேஞ்சு இல்ல. முழுப் பாட்டும் ஓடிருச்சா இல்லையா?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஃபோனில் நெட்டை அணைத்துவிட்டு, மேலே ஏற்றி வைத்திருக்கும் உங்கள் கல்யாணப் படத்தைத் திறந்து பாருங்கள். டிக் இருக்கிறதே என்கிறீர்களா? டிக் இருக்கும் ஐயா. மாப்பிள்ளை, பெண் இருக்கிறார்களா பாருங்கள். வட்டம் சுற்றினால், இந்தப் பக்கத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது உங்களைப் பற்றி எழுதியது.

இதை எழுதுகிறவன் அந்த ரகம் இல்லை. பலிபீடத்தில் ஏறியது முதல் கடைசி “டிர்ரும்” வரை தன் ஃபோனில் முழுசாகப் பிடித்துவிட்டான், பொங்கலுக்குப் பொங்கல் போட்டுக் காட்டிப் பெரியமுத்து மாமாவைக் கதறவைக்க. மறுநாள் சாயா நேரத்தில் தேயிலைக் காட்டு ஓரத்தில் பெரியமுத்துவும் நின்றிருக்க, முத்துப்பேச்சி வந்தாள்.

“எல்லாரும் பாத்துட்டாவ. ஆடுன நான்தான் பாக்கல. அந்த வீடியோவக் கொஞ்சம் போடுய்யா.”

போட்டான். வட்டம் சுற்றியது.

இன்னொரு தடவை அமுக்கினான். இன்னும் அழகாகச் சுற்றியது. நீளமான வீடியோ அல்லவா, இடத்தை அடைக்கிறதே என்று காலையில்தான் வளைவில் நின்று, அதை…

பெரியமுத்து எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை வைத்தியம் சொல்லவில்லை. சாயாக் கிளாசை நிதானமாகக் கல்லின் மேல் வைத்தார்.

“மருமவனே, பாட்டு வரலன்னதும் நானாவது பாடுனேன்,” என்றார். “வீடியோ வரலேல்லா? நீ ஆடு.”

முத்துப்பேச்சி காலிச் சாக்கை உதறி விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள், பார்க்க.