பாதி விலைப் பெட்டிச்சோற்றுப் பரணி

அலைகடல் நாற்புறமும் காவல் நிற்க, வெறுங்கையால் பகைவெல்லும் கராத்தேக் கலையை உலகுக்கு ஈந்த ஒக்கினாவாத் தீவில், நாஹா நகரில், தண்ணீர் வரி அலுவலகத்தின் மூன்றாம் மேசையைத் தனிக்குடைக்கீழ் ஆளும் கோமகன், பிறந்து முப்பத்தெட்டு ஆண்டுகளில் எவரிடமும் "அது எனக்கு வேண்டும்" என்று சொல்லியறியாத வாய்ப்பூட்டு வள்ளல், சினென் மொரிஹிதே வாழ்க. அவன் கொற்றம் ஓங்குக. அவன் வயிறும் ஒருநாளாவது நிறைக.

அவ்வீரனின் போர்க்களம் தெருமுனைப் பேரங்காடி. பொழுது சாயும் வேளையில், விற்காத பெட்டிச்சோற்றின்மீது கடைப்பணியாள் பாதி விலைச் சிவப்புச் சீட்டை ஒட்டுவார். ஒட்டும்வரை யாரும் தொடமாட்டார்கள், சோயா மொச்சையின் விலையை அன்றுதான் கண்டவர்கள்போல் பராக்குப் பார்த்து நிற்பார்கள். அங்கே, வாரந்தோறும், சினென் உயிரையே வைத்திருந்த பன்றிக்கறிச் சோற்றை, எதிர்வீட்டுத் தள்ளுவண்டித் தானைத்தலைவி ஷிமாபுகுரோ அம்மையார் கவர்ந்து சென்றார். கவரும்போதெல்லாம் நம் வீரன் திருவாய் மலர்ந்தருளியது ஒன்றே: "பரவாயில்லீங்க, நீங்க எடுத்துக்குங்க."

பொறுத்தது போதும் என்று பொங்கியெழுந்த அப்பெருந்தகை, ஆசான் தொகாஷிகியின் பயிற்சிக்கூடம் புகுந்தான். காற்றைக் குத்தினான், காற்று கலங்கவில்லை. பலகையை உதைத்தான்; கால் வீங்கிற்று. மாதங்கள் உருண்டு, பச்சைக் கச்சை அவன் இடையில் ஏறிய பின்னும், எதிரியின் ஈரல் நடுங்க எழவேண்டிய போர்முழக்கம் மட்டும் எழவேயில்லை.

"கை நல்லாத்தான்யா போகுது. சத்தம்தான் மிதிபட்ட கோழிக்குஞ்சு மாதிரி வருது. அப்படி யாரை அடிக்கப் போறே?" என்றார் ஆசான்.

"அடிக்கறதுக்கு இல்லீங்க. ஒருத்தங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"அதுக்கா இத்தனை பலகையை உடைச்சே?"

வந்தது அந்த வெள்ளிக்கிழமை. தட்டில் எஞ்சியது ஒரே பெட்டி. சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. ஒருபுறம் தள்ளுவண்டி கிறீச்சிட, கையில் குடையோடு அம்மையார். மறுபுறம் முழங்கால் மடக்கி, மூச்சை அடிவயிற்றில் தேக்கி, வேங்கையென விழித்த சினென். அந்தோ, பயிற்சிக்கூடத்தில் எதிரியை வணங்காமல் எவனும் கை ஓங்குவதில்லை; வணங்கியபின் நடுவர் "தொடங்கு" என்னும்வரை விரலும் அசைப்பதில்லை. பழகிய உடம்பு கேட்குமா? கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பை வளைத்து, நம் சிங்கம் வணங்கிற்று. நிமிர்ந்தது. நடுவருக்காகக் காத்து நின்றது.

வணக்கத்துக்குப் பதில் வணங்காமல் விடுவது அந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு ஆகாத காரியம். அம்மையார் அவனைவிடத் தாழக் குனிந்தார். குனிந்த வாக்கிலேயே பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"இப்படி மரியாதை தெரிஞ்ச பிள்ளைய எங்க பார்க்க முடியுது? வாராவாரம் விட்டுக்குடுக்கறியே தம்பி. எனக்குப் பன்றிக்கறி ஆகாது. எங்க நாய்க்குத்தான் இதுன்னா உயிரு" என்றபடி வண்டியை வாசல்பக்கம் தள்ளினார்.

நாய்க்கு. அச்சொல் செவிபுகுந்த கணத்தில், மூன்றாம் மேசையில் விழுங்கிய சொற்களும், பிறருக்காக இருந்து பார்த்த வேலைகளும், தின்னாத சோறனைத்தும் திரண்டு, அடிவயிற்றில் ஊழிக்கனலாய் மூண்டு, நெஞ்சக் கோட்டையைப் பிளந்து, தொண்டை வாயிலைத் தகர்த்து, மீன் தட்டுகள் அதிர, காசாளர்கள் கைநிறுத்தித் திரும்ப, முதன்முதலாக முழங்கிற்று அந்த வீரக்குரல்:

"அம்மா!"

அங்காடி அடங்கிற்று. வாசலருகே தள்ளுவண்டி நின்றது.

"என்னப்பா?"

சினென் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"குடையை விட்டுட்டுப் போறீங்க."

ஓடிப்போய் அதைக் கையில் கொடுத்தும் வந்தான்.

வீட்டில் முட்டை இருந்தது, அதைப் பொரித்துச் சாப்பிட்டான்.