ஆயிரம் படியும் இருபத்திரண்டு படியும்

அக்ரஹாரத்து மாடி வீட்டுக்கு இருபத்திரண்டு படி. தெருக்குழாயிலிருந்து தினமும் எட்டுக் குடம். இனி ஒரு குடம்கூடத் தூக்குவதில்லை என்று தொண்ணூற்றாறாம் வருஷம் தை மாதத்தில் மாணிக்கவாசகம் சபதம் செய்தார்.

மனைவி பழனாத்தாள் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். நஞ்சன்கூட்டில் அவர் வேலை பார்த்த ஆலை, சாமுண்டி மலைப்படியில் ஓட்டப்பந்தயம் வைத்திருந்தது. கீழ்வீட்டு ஜடையனும் அதே ஆலைதான். அவனை முந்தினால் தண்ணீர் அவள் பாடு. தோற்றால் ஆயுளுக்கும் இவர் பாடு.

மாணிக்கவாசகத்திடம் திட்டம் இருந்தது. ஆயிரம் படி. எழுநூறாவது படியருகே இருக்கும் நந்தி சிலை வரை நிதானம். மூச்சை மிச்சம் பிடிப்பது. மற்றவர்களுக்கு நாக்குத் தள்ளும்போது நந்திக்கு மேல் ஒரே பாய்ச்சல். இதை மனைவியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, நந்தி வரைக்கும் மெதுவாத்தானுங்களா?"

"உனக்கெதுக்கு அது?"

"சும்மா கேட்டனுங்க."

சும்மா கேட்கிற பெண்ணா அவள்? மாடியிலிருந்து ஜடையன் வீட்டுக்கு ரசம் போகிறது. அங்கிருந்து ஒப்பட்டு என்கிற போளி வருகிறது. திட்டம் மட்டும் வீட்டிலேயே இருக்குமா? அன்று முதல் ரசக் கிண்ணத்தைக்கூடத் திறந்து பார்த்துத்தான் அனுப்பினார்.

பந்தயம் தொடங்கியது. எல்லோரும் பாய்ந்தார்கள். ஜடையன் மட்டும் நிதானமாக ஏறினான். பத்துப் படிக்கு ஒருமுறை திரும்பி இவரைப் பார்த்துச் சிரித்தான்.

போச்சு! திட்டம் கைமாறிவிட்டது. இருவரும் நந்தியிலிருந்து பாய்ந்தால் ஜெயிப்பவன் இளையவன்தானே? இப்போதே முந்தியாக வேண்டும். முந்தினார். முந்நூறாவது படியில் மலையே சுற்றியது. உட்கார்ந்துவிட்டார்.

"நிதானமா வாங்ணா" என்று கடந்து போனான் ஜடையன்.

சற்று நேரத்தில் பழனாத்தாள் வந்தாள். வேண்டுதலுக்காகப் படிக்குப் படி குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்தபடி வந்தாள். மூச்சு வாங்கவில்லை.

"காலை எடுங்க" என்று அவர் உட்கார்ந்திருந்த படிக்கும் வைத்தாள்.

"திட்டத்த அவங்கிட்டச் சொல்லிட்டே, இல்ல?"

"சாமி சத்தியமா இல்லீங்க! மொத நூறு படிக்கு எங்கூட்டுக்காரருக்கு நாலு படி முன்னாலயே ஏறி, அவரத் திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரி தம்பின்னு மட்டுந்தான் சொன்னனுங்க. மிச்சத்த நீங்களே பாத்துக்குவீங்கன்னு தெரியுமுங்க."

மறுநாள் காலையில் முதல் குடத்தைத் தோளில் ஏற்றி அவர் படியில் கால் வைத்ததும், மாடியிலிருந்து குரல் வந்தது:

"மெதுவா ஏறுங்க, மூச்ச மிச்சம் புடிங்க. இன்னும் ஏழு கொடம் கெடக்குது!"