சதுரங்கப்பட்டினத்து எரிமலை

தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் குரல் கணீரென்று வரும். தெரிந்த விஷயமென்றால் யோசிப்பேன், சந்தேகம் வரும், ‘இருக்கலாம்’, ‘அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று இழுப்பேன். தெரியாததில் அந்தத் தொல்லையே கிடையாது, அடித்து ஆடலாம். இந்த உண்மையை நானாக ஒப்புக்கொள்ள ஒரு முழு மாலைப்பொழுதும் இரண்டு குடும்பங்களின் பொறுமையும் தேவைப்பட்டன.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதுராந்தகத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் பாறைகளுக்கு ஒதுக்கியது இரண்டு பக்கம், நான் எடுத்துக்கொண்டது இரண்டு வாரம். அந்த அளவுக்குக் கைபேசியில் உலக இயற்கை அதிசய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். அயர்லாந்துக் கடலோரத்தில் அறுகோணத் தூண்கள், நியூசிலாந்துக் கரையில் உருண்டு கிடக்கும் கல் பந்துகள், துருக்கியில் கூம்பு கூம்பாக நிற்கும் மலைகள், பொலிவியாவில் வானமே கீழே கிடப்பதாகத் தோன்றும் உப்பு வெளி என்று எல்லாம் அத்துப்படி. என்னிடம் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. அதிகபட்சம் திருப்பதி வரை போயிருக்கிறேன் (அதுவும் மொட்டை போடத் தூக்கிக்கொண்டு போனார்கள்).

வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு இடம் வந்தது, நான்கும் ஒரே காரணத்துக்காகப் போனது. ‘பொண்ணு லட்சணமாத்தான் கீது, பேச்சுதான் ஜாஸ்தி’ என்று நான்கு வீட்டிலும் சொல்லிவிட்டதாகத் தரகர் அப்பாவிடம் வந்து ஒப்பித்தார். ஐந்தாவதாக வந்தவர் பிரபு. கல்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவருடைய அப்பா புதுப்பட்டினத்தில் கடை வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். என்ன கடை என்று நான் கேட்கவில்லை (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது). போனில் மூன்று முறை பேச எங்களை அனுமதித்தார்கள். மூன்றாவது முறை அயர்லாந்துத் தூண்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். அவர் ஒரு தடவை கூட ‘சரி, அப்புறம்?’ என்று சொல்லவில்லை. கடைசியில், அந்தத் தூண்கள் ஏன் ஐந்து மூலையாக உடையாமல் ஆறு மூலையாக உடைந்தன என்று கேட்டார். எனக்கு இவர்தான் வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ஐந்தாவது தடவையும் பெண் பார்க்கும் வைபவம் வீட்டில் நடந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிடுவார்கள் என்பதால், மாமல்லபுரத்தில் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு இரு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பார்கள். பஸ்ஸில் வரும்போதே அம்மா என் காதைக் கடித்துக்கொண்டு வந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் ஒரு வரியில். பாறையைப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதையும் கெடுத்தால் ஆறாவதற்குத் தரகரே வரமாட்டார் என்றாள். நானும் சத்தியம் செய்தேன்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. பிரபுவின் அப்பா கனத்த உடம்பு, வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாத மனிதர். உருண்டையைத் தாங்கிப் பிடிப்பதாக ஆளாளுக்குக் கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரபுவின் அம்மா அண்ணாந்து பார்த்து, சரிவிலே இவ்வளவு பெரிய கல் உருளாமல் நிற்கிறதே, உலகத்தில் இப்படி இன்னொன்று இருக்குமா என்று பொதுவாகக் கேட்டார். யாரைப் பார்த்தும் கேட்கவில்லை. ஆனால் கேள்வி கேள்விதானே.

“இது என்ன ஆண்ட்டி, இதவிடப் பெரிய அதிசயம் ஒண்ணு நம்ம பக்கத்துலயே கீது. இன்னும் உலகத்துக்கே தெரியாது. நான்தான் கண்டுபிடிச்சேன்” என்றேன்.

அப்பா கடல் இருக்கும் திசையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சக டீச்சர் ஒருத்தியுடன் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போயிருந்தேன். அப்படியே கடற்கரைப் பக்கம் நடந்தோம். அப்போதுதான் ஒரு புயல் வந்து ஓய்ந்திருந்தது. கடல் மணலை வாரிக்கொண்டு போன இடத்தில், அதுவரை புதைந்து கிடந்த பாறைக் கூட்டம் ஒன்று வெளியே தெரிந்தது. ஒவ்வொன்றும் தலையணை வடிவம். ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது ஐம்பது இருக்கும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலுக்கடியில் எரிமலை வெடித்து, குழம்பு தண்ணீரில் பட்டுச் சட்டென்று உறைந்தால் தலையணை தலையணையாகத்தான் பாறை உருவாகும். கர்நாடகத்தில் சித்திரதுர்கா பக்கம் இருக்கிறது. ஆக, செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஒரு காலத்தில் எரிமலை! படம் எடுத்து உலக அதிசய ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் மூன்று கட்டைவிரல்களை அனுப்பினார். அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை என்றேன். ‘சட்ராஸ்லயா?’ என்று ஊரின் இன்னொரு பெயரைச் சொல்லிப் பிரபுவின் அப்பா கேட்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. எப்படியும் ஊருக்குப் போகிற வழிதானே என்று பிரபு சொல்ல, அவர்கள் கொண்டுவந்த வேனில் எல்லோரும் ஏறினோம். உண்மையான அதிசயத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, நான் முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு போனேன். அம்மா என் பின்னாலிருந்து தொடையில் கிள்ள முயன்று, கை எட்டாமல் சீட்டைக் கிள்ளினாள்.

கடற்கரையில் என்னைப் பார்த்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பாறைமேலே ஏறி நின்றுவிட்டேன். ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு எடுக்கிற அதே தொண்டை. எல்லாப் பாறையும் ஒரே அளவாக இருப்பதைக் கவனிக்கச் சொன்னேன், இயற்கையின் ஒழுங்கு என்றேன். மேல்தோலில் குறுக்கும் நெடுக்குமாக நெய்தது போன்ற கோடுகளைக் காட்டி, குளிர்ந்து சுருங்கும்போது இப்படித்தான் ஆகும் என்று விளக்கினேன். ஒவ்வொரு பாறைக்கும் ஓரத்தில் சின்னதாக இரண்டு காது இருந்தது. குழம்பு பிதுங்கி வந்த வாய் அது என்று ஒரே போடாகப் போட்டேன். ஒரு முனையில் வரிசையாகத் தையல் போட்டது போல் புள்ளிகள். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. ஆனால் விட்டுவிடுவேனா? அந்தக் காலத்து நுண்ணுயிர்கள் துளைத்தது என்றேன்.

பிரபுவின் அப்பா மட்டும் ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். குனிந்து ஒரு பாறையைத் தொட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டுவிட்டார்.

“இதுக்கு இன்னா வயசு இருக்கும்மா?”

“கொறைஞ்சது பல கோடி வருஷம் சார்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆளைக் கவிழ்த்துவிட்டோம் என்று எனக்குள்ளே ஒரே கும்மாளம். பிரபுவைப் பார்த்தேன். அவர் தன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் நான் எனக்குச் சாதகமாகவே புரிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, படகோரம் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எங்களை நோக்கி வந்தார். என்னைத் தாண்டிப் போய்ப் பிரபுவின் அப்பாவுக்கு வணக்கம் வைத்தார்.

“இன்னா அண்ணாத்த, எவ்ளோ நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. நீ குட்த்த சிமெண்டு மூட்டை ஒண்ணு கூட அலையில போவல பாத்தியா. அப்புடியே கீது.”

பாறையின் மேலே நின்றிருந்த எனக்குக் கீழே இறங்க வழி தெரியவில்லை. அதாவது ஏறிய வழி தெரியும், கால்தான் வரவில்லை. காது, தையல், நெசவு எல்லாம் வரிசையாக என் கண்முன்னால் வந்து நின்றன. சாக்கில் இருந்தபடியே தண்ணீர் பட்டு இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள். சாக்கு மக்கிப் போய் அச்சு மட்டும் மிச்சம். கரை அரிக்காமல் இருக்கக் கடலோரத்தில் இப்படி அடுக்கி வைப்பது வழக்கம் என்பதும், பிரபுவின் அப்பா வைத்திருப்பது சிமெண்ட், கம்பிக் கடை என்பதும் ஒரே நேரத்தில் எனக்குத் தெரியவந்தன. கடை முதலாளிக்கே அவர் கடைச் சிமெண்ட்டைக் காட்டி எரிமலைப் பாடம் எடுத்திருக்கிறேன்.

அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். என் அப்பா, எங்கள் வீட்டில் யாருக்கும் மரியாதைக் குறைவு பண்ணும் எண்ணமில்லை, பெண்ணுக்கு வாய்தான் கொஞ்சம் நீளம் என்று பிரபுவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். ஐந்தாவதும் போயிற்று என்று தெரிந்தது. நான்கு போனபோது வராத அழுகை இப்போது வந்தது. எனக்குப் பிரபு வேண்டும். அவ்வளவுதான், வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

மூட்டையின் மேல் கையை வைத்தபடி பிரபுவின் அப்பா என் அப்பாவை நிறுத்தச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எறங்கி வாம்மா, வழுக்கிடப் போவுது. சில வருசம் முன்ன ஒரு பெருமழையில குடோன் முழுக்கத் தண்ணி பூந்துகிச்சு. காலையில போயி கதவத் தொறந்தா அம்புட்டும் கல்லாக் கீது. கடையை மூடிட்டு ஒரு வருசம் சும்மா ஒக்காந்துகினு இருந்தேன். இத்தப் பாக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பக்கமே வர்றதில்ல. இன்னிக்கு நீ அத்தத் தடவித் தடவி, இந்த மாதிரி ஒலகத்துல இல்லன்றியே, நிறுத்துன்னு சொல்ல மனசு வர்ல.” என்றவர் என் அப்பாவைப் பார்த்து, “பொண்ணு பொய் சொல்லலீங்க, தப்பாச் சொல்லிச்சு. அதுக்கு இன்னா இப்போ?”

அந்த மழையைப் பற்றி அவர் வாய் திறந்து தான் கேட்டதே இல்லை என்று பிரபுவின் அம்மா என் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அம்மாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். பிரபு வந்து கை கொடுத்து என்னை இறக்கினார். நுண்ணுயிர் துளைத்தது என்று நான் சொன்ன இடத்தில்தான் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டதாக அப்புறம் போனில் சொன்னார். தை மாதம் கல்யாணம். பந்தியில் என் மாமனார் ஒவ்வொரு வரிசையாகப் போய், மருமகள் எங்கே எதைக் கண்டுபிடித்தாள் என்ற கதையைச் சொன்னார். வராத சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் பேசுவதை ஒன்றும் குறைத்துக்கொள்ளவில்லை. இட்லி கல்லாகிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை, என்ன வயசு இருக்கும் என்று மட்டும் கேட்பார்கள். மழைக்காலம் வந்தால் குடோனில் எங்காவது ஓதம் இறங்கி இரண்டு மூட்டை இறுகத்தான் செய்யும். முன்பெல்லாம் அப்படி ஆனால் மாமனார் இரண்டு நாள் சாப்பிடமாட்டாராம், யாரிடமும் பேசமாட்டாராம். இப்போது பள்ளி இடைவேளை பார்த்து எனக்குப் போன் வருகிறது.

“டீச்சர், குடோன்ல எரிமலை வெடிச்சிருக்கு. சாயங்காலம் வந்து வயசு பாத்துட்டுப் போ.”