சரக்கொன்றையும் பாஸ்கர் வீட்டு மாங்காயும்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னை நம்பி ஒப்படைத்த எதுவும் இதுவரை ஒழுங்காகப் பிழைத்ததில்லை (என் தலைமுடி உட்பட).

அதனால்தான், மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஜமீலா மூன்று மாதம் சார்ஜாவுக்குக் கிளம்பியபோது, செம்மண்டலம் வீட்டு வாசலில் நின்ற சரக்கொன்றையைப் பார்த்து எனக்குப் பயம் வந்துவிட்டது. சாதாரண மரமா அது? அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் அவளுடைய அத்தா வளர்த்த மரத்தின் விதையில் முளைத்தது. இப்போது அவரும் இல்லை; அந்த மரத்தையும் ஒரு புயல் சாய்த்துவிட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க மச்சான். வேற எதுவும் பண்ணித் தொலைச்சிடாதீங்க."

மாசிக் கடைசியில் இலைகள் பழுத்து உதிர ஆரம்பித்தன. ஒரு குடம் ஊற்றினேன். மறுநாள் இன்னும் ஜாஸ்தியாக உதிர்ந்தது. இரண்டு குடம். பிறகு சாணம், மோர், வேப்பெண்ணெய். கடைசியாக (சிரிக்காதீர்கள்) டாக்டர் எனக்குக் கொடுத்த சத்து மாத்திரையையும் கரைத்து ஊற்றினேன். பத்தே நாளில் மொட்டை. துணி காயப்போடலாம் போல நின்றது.

அந்த நேரம் பார்த்து வீடியோ கால்.

"மரத்தக் காட்டுங்க மச்சான்."

மூளை நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. போனை மதிலுக்கு மேலே தூக்கி, பக்கத்து வீட்டு பாஸ்கரின் மரத்தைக் காட்டினேன்.

"பாரு, எவ்ளோ பச்சையா இருக்கு!"

ஜமீலா போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"கொன்றையில எப்பத்துலேர்ந்து மாங்கா காய்க்குது மச்சான்?"

பின்னால் மகள் சிரிப்பது கேட்டது. ஜமீலா சிரிக்கவில்லை. "செத்துப்போச்சா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் குரலுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"எல்லா இலையும் கொட்டிடுச்சு. நான்தான் கொன்னுட்டேன் போல."

"நகத்தால பட்டைய லேசா கீறிப் பாருங்க."

கீறினேன். உள்ளே ஈரப் பச்சை. சொன்னதும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அது வருஷா வருஷம் கொட்டும். அப்புறந்தான் துளிர்க்கும். அஞ்சு வருஷமா வாசல்லதான நிக்குது? நீங்க பாத்ததே இல்லியா?"

பார்த்ததில்லை. நான் எழுந்து வருவதற்குள் வாசல் எப்போதும் சுத்தமாக இருக்கும். அது தானாகவே சுத்தமாகிக்கொள்ளும் வாசல் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இப்போதெல்லாம் மாசிக் கடைசி வந்தால் துடைப்பம் என் கையில். அதுகூடப் பரவாயில்லை. போனில் "நல்லாதான் இருக்கேன்" என்று சொன்னால்தான் வம்பு. போன மாதம் காய்ச்சலை மறைத்து, முகத்தைக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு மகளிடம் சிரித்துப் பேசினேன். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"அத்தா, மாங்கா தெரியுது."