மாப்பிள்ளைக்கு அவுட் கொடுத்தது குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, என் மகள், தங்கள் மகன் ஆகிய நால்வரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. சம்பந்தியம்மாளின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் நேற்று வந்தது. அதில் இரண்டு குற்றச்சாட்டுகள். தங்கள் ஒரே மகனை நான் வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிவிட்டேன் என்பது முதலாவது. முன்னூறு பேர் பார்க்க அவரை நோக்கி விரலை உயர்த்தினேன் என்பது இரண்டாவது. இனி என் வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்த முன்னூறைத் திருத்திவிடுகிறேன். மைதானத்தில் இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர், அவர்களில் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவன் நான், எண்ணாமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

மாப்பிள்ளையும் என் மகளும் இங்கே வந்தது அவருடைய ஆபீஸ் பயிற்சிக்காக, மூன்றே வாரத்துக்கு. இது தங்களுக்கும் தெரியும். தங்களுக்குத் தெரியாதது, எங்கள் குடியிருப்புக்கும் எதிர்க் குடியிருப்புக்கும் வருஷா வருஷம் நடக்கும் கிரிக்கெட் மேட்ச். எங்கள் அணியைத் தேர்ந்தெடுப்பவர் சங்கச் செயலாளர், பெயின்ட் கடை வைத்திருக்கிறார். லிஃப்டில் யார் தனக்கு முதலில் வணக்கம் சொல்கிறார்களோ அவர்கள் அணியில் உண்டு, அவ்வளவுதான் அவருடைய தேர்வு முறை. எங்கள் விக்கெட் கீப்பரை டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நெஞ்சு உயரத்துக்கு வரும் பந்துகளை மட்டும் பிடிப்பார், மற்றவை பவுண்டரிக்குப் போவதை நின்று வேடிக்கை பார்ப்பார். சுழல் பந்துக்குத் தரைத்தளத்துப் பல் டாக்டர். அவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கடைசியில் நேராகவே போடுவார். இந்தச் சீரில் பத்துப் பேர்தான் தேறினார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கள் மகன் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது குடையை மட்டையாகப் பிடித்து ஒரு கவர் டிரைவ் ஆடியிருக்கிறார், அதைச் செயலாளர் பார்த்துத் தொலைத்துவிட்டார்.

உடனே எதிரணிக் கேப்டன் வந்து நின்றார். அவர் ஃபர்னிச்சர் கடைக்காரர். அவர் விற்ற கட்டில் ஒன்றில் நான் படுத்துப் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். "விதி நாலைப் பாருங்க. நிரந்தரமாக் குடியிருக்கிறவங்கதான் ஆடலாம். வந்து போற விருந்தாளியெல்லாம் ஆடலாம்னா நாளைக்கு நான் என் சித்தப்பா பசங்க பத்துப் பேரை இறக்குவேன்" என்றார். நிரந்தரம் என்றால் என்ன என்று கார் நிறுத்துமிடத்தில் இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. தபால் வந்தால் நிரந்தரம் என்றார் ஒருவர். துணி காய்ந்தால் நிரந்தரம் என்றார் இன்னொருவர். இவர்கள் யாரும் தங்கள் சொந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் யோசித்தவர்கள் இல்லை. கடைசியில் வீட்டுக்கே வந்து சோதனை போடுவதாக முடிவாயிற்று.

வந்தார்கள். ஃபர்னிச்சர்காரர் குளியலறையில் புகுந்து டூத் பிரஷ்ஷை எண்ணினார். பீரோவைத் திறந்து, மாப்பிள்ளையின் சட்டைகள் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருப்பதைக் கண்டு, "பெட்டியைப் பிரிக்காதவர் விருந்தாளி" என்று தீர்ப்புச் சொன்னார். என் மனைவி பாய்ந்துபோய் அத்தனை சட்டையையும் ஹேங்கரில் மாட்டினாள். அப்போதும் அந்த மனுஷர் அசையவில்லை. "விருந்தாளிக்கு யாரும் வேலை சொல்ல மாட்டாங்க. மாமியார் ஒரு வேலை ஏவட்டும், பார்ப்போம்" என்றார். சம்பந்தி, கல்யாணமாகி இந்த இரண்டு வருஷத்தில் என் மனைவி மாப்பிள்ளையிடம் 'வாங்க', 'சாப்பிடுங்க', 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்ற மூன்றைத் தவிர வேறு வார்த்தை பேசியது கிடையாது. அவளுக்கு வேர்த்துவிட்டது. "மாப்பிள்ளை, சிரமம் இல்லேன்னா... அந்தக் குப்பைக் கூடையைக் கொஞ்சம்..." என்று இழுத்தாள். "இது கெஞ்சுறது, கணக்குல சேராது" என்றார் ஃபர்னிச்சர். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "எத்தனை தடவைதான் சொல்றது? குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வாங்க" என்று ஒரு சத்தம் போட்டாள். மாப்பிள்ளை கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். பதவி உயர்வு கிடைத்தவர்போல் அவர் முகம் மலர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஃபர்னிச்சர்காரர் 'நிரந்தரக் குடியிருப்பாளர்' என்ற படிவத்தை நீட்ட, மாப்பிள்ளை அதில் கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் அதைப் போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பிவைத்தார், அது ஊரெல்லாம் சுற்றித் தங்களிடம் வந்து சேர்ந்தது. அந்தப் படிவத்துக்கு ஆயுசு ஒரு மேட்ச்தான். மேட்ச் முடிந்தது, படிவமும் முடிந்தது. வீட்டோடு மாப்பிள்ளை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இனி விரல் விவகாரம். நடுவராக யாரைப் போட்டாலும் ஒரு கட்சி ஒப்புக்கொள்ளவில்லை. ஃபர்னிச்சர்காரர்தான் என் பெயரைச் சொன்னார். "சர்வேயர் கண்ணு, நேர்கோடு தப்பாது" என்றார். புகழ்ச்சி என்று நம்பி மாட்டிக்கொண்டேன். கடைசி ஓவரில் எங்களுக்கு மூன்று ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். முப்பத்தொரு ரன் அடித்து மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பந்து போட்டவர் அதே ஃபர்னிச்சர்காரர். பந்து காலில் பட்டது. அவர் மண்டி போட்டு, இரண்டு கையையும் விரித்து, எனக்கு நேராக உட்கார்ந்துவிட்டார். கொடுக்காவிட்டால் மாப்பிள்ளைக்குப் பயந்தவன் என்று அந்த நாற்பத்து மூன்று பேரும் என் காதுபடச் சொல்வார்கள். கொடுத்தால் வீட்டுக்குப் போக முடியாது. பந்து ஸ்டம்புக்கு நேராக வந்ததை நான் பார்த்தேன். ஏதோ சின்னதாக ஒரு சத்தமும் கேட்டது, என் முழங்கால்தான் என்று எடுத்துக்கொண்டேன். விரலை உயர்த்தினேன். மாப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் தோற்றோம்.

அன்றிலிருந்து இந்தக் கட்டடத்தில் எல்லோரும் நடுவர்கள். கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவர்கூட, "மட்டையில பட்டுதாமே சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பைத் தொட்டார். யாரோ செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, சங்க அறையில் திரை கட்டி, மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். முக்கியமான நேரத்தில் எடுத்தவரின் கட்டைவிரல் லென்ஸை மறைத்திருந்தது. நாற்பது பேர் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு கட்டைவிரலைப் பார்த்து, அதை வைத்தே நான் செய்தது தவறு என்று தீர்மானித்தார்கள். தாங்களும் எட்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு 'மட்டையில் பட்டுத்தான் இருக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியில் தாங்கள் போட்ட சுழல் பந்தில் ஒரு பேராசிரியர் சுழன்றே விழுந்தார் என்ற கதையைக் கல்யாணத்தன்று மூன்று முறை கேட்டவன் நான், மரியாதைக்காகச் சிரித்தேன். மறுநாள் காலையில் டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டுபோய் மைதானத்தில் அளந்தேன். அந்தப் பந்து நடு ஸ்டம்பைத் தகர்த்திருக்கும். படம் வரைந்து, அளவு குறித்து, இதோடு இணைத்திருக்கிறேன். என் தீர்ப்பில் மயிரிழை பிசகு கிடையாது.

ஆனாலும் உள்ளதைச் சொன்னால் எனக்கு மனசு சரியில்லை. சாப்பாட்டு மேஜையில் என் மகள் தட்டை வைக்கிற சத்தத்தில் அவள் சொல்ல வேண்டியதெல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளை என்னை 'மாமா' என்று கூப்பிட்டு நாலு நாள் ஆகிறது. மாட்டிய சட்டைகளை எடுத்து மறுபடி பெட்டியில் அடுக்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இருவரும் புறப்படுகிறார்கள், திங்கட்கிழமை தங்கள் மகன் தங்கள் வாசலில் நிற்பார். என்மேல் உள்ள கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், என் மகளிடம் எதுவும் கேட்க வேண்டாம். நான் தங்களிடம் வேண்டுவது இது ஒன்றுதான்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். வீட்டில் சிறியவர்களுக்கு ஆசிகள். நடுவராக இருக்கும் நிலை தங்களுக்கு ஒருபோதும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
சர்வேயர் (ஓய்வு)

பி.கு. உறையை ஒட்டக் கோந்து தேடிப் போனபோது, மாப்பிள்ளையின் மட்டை பெட்டிக்குள் அடங்காமல் கதவுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்தேன். உள்விளிம்பில் சிவப்பாக ஒரு கறை, கட்டைவிரல் அகலம். சத்தம் என் முழங்கால் இல்லை. அவரிடம் போய்ச் சொன்னேன். "தெரியும் மாமா. உங்களுக்கும் கேட்டிருக்கும்னு நினைச்சேன்" என்றார். படத்தைக் கிழித்துவிடவும். மட்டையோடு செயலாளரிடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டதில், அடுத்த மாதம் மேட்சைத் திரும்ப நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. ஃபர்னிச்சர்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பல் டாக்டருக்கு இங்கே இருப்பது கிளினிக்தான், வீடு வேறெங்கோ, ஆகவே அவர் ஆடக் கூடாது. நடுவர் என் மனைவி, யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆபீஸில் கேட்டு லீவு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை சட்டைகளை மறுபடி ஹேங்கரில் மாட்டிவிட்டார், இன்று காலை யாரும் சொல்லாமலே குப்பையையும் கொட்டிவிட்டு வந்தார். எங்களுக்குச் சுழல் பந்து போட ஆள் இல்லை. படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன். முகவரி என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண்ணை நானே எழுதிவிட்டேன், தாங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். வரும்போது டூத் பிரஷ் கொண்டுவரவும், எண்ணுவார்கள்.